மூன்றாவது தடவை கேட்டாள் மஹ்லகா

பீர்ஜந்த் கடைத்தெருவில் வந்து மஹ்லகாவின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "துணிக்குள்ளே உட்கார்ந்து தனியாகப் பேசுமே, அந்தப் பெண்" என்று கேட்டுப் பாருங்கள், நேராக என் கடைக்குக் கை காட்டுவார்கள். அவள் என் நாத்தனார். கடை என்னுடையது, திரைச்சீலைக் கடை. அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அவளுக்கு என் கடை பிடித்துப்போனதற்குக் காரணம் நான் இல்லை, வெல்வெட். பின்கட்டில் தரையிலிருந்து கூரை வரை கனத்த வெல்வெட்டைத் தொங்கவிட்டிருப்பேன். அதற்கு நடுவில் உட்கார்ந்து பேசினால் எதிரொலி இருக்காது. காய்ந்த ரொட்டியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு உப்பு கொடுக்கிறவன் தெருவில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவானே, அந்தச் சத்தம்கூட உள்ளே வராது. மதியம் கடைத்தெரு மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் அவள் வருவாள். கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு கொடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே காலை முழுக்கத் தொண்டை வற்றப் பேசிவிட்டு, இங்கே வந்து மறுபடியும் பேசிப் பதிவு செய்வாள். என் மதியத் தூக்கம் அதோடு போயிற்று. குறட்டை பதிவாகிறதாம்!

"அண்ணி, கொஞ்சம் திரும்பிப் படுங்களேன்" என்பாள் பவ்யமாக.

"ஏண்டி, என் கடையில நான் மூச்சு விடறதுக்கும் உன்கிட்ட அனுமதி கேக்கணுமா?" என்பேன். ஆனால் திரும்பிப் படுப்பேன்.

இவளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். சின்ன வயதில் எங்கள் குடும்பத்திலேயே கெட்டிக்காரி இவள்தான். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, தெஹ்ரானில் கம்ப்யூட்டர் படிக்க இடம் வாங்கினாள். ஊரே வாழ்த்தி அனுப்பியது. சில பருவங்கள் கழித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அங்கே யாரையாவது காதலித்துவிட்டாளோ என்று என் மாமியார் பயந்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை. புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். வாத்தியார் பேசுவது ஃபார்சிதான், ஆனால் முக்கியமான சொல் வரும்போதெல்லாம் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்.

"எனக்கு யோசிக்கத் தெரியும் அண்ணி. கணக்கு தெரியும். ஒரு பக்கத்துக்கு அகராதியைப் புரட்டி முடிக்கறதுக்குள்ள வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிடுது. நான் முட்டாள்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்று ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அழுதது நான்தான்.

அவளைப் போலவே படிப்பை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் எங்கள் மாகாணத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம். எல்லாம் ஃபார்சியில், அடியிலிருந்து நுனிவரை. காசு கிடையாது. இணையம் நன்றாக வருகிற ஊருக்குப் போனில் அனுப்புவாள். நத்தை வேகத்தில் வருகிற கிராமங்களுக்கு மெமரி கார்டில் ஏற்றி, அந்தப் பக்கம் போகிற வாடகைக் கார் டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். டிரைவர்கள் அதைப் புகையிலைப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பத்திரமாகச் சேர்ப்பார்கள்.

மஷ்ஹதில் பாயந்தே என்று ஒருவர் இருக்கிறார். மென்பொருள் அலுவலகம் வைத்திருப்பவர். வீட்டிலிருந்தே வேலை செய்ய வருஷாவருஷம் ஆள் எடுப்பார், அதற்கு ஒரு பரீட்சை வைப்பார். அதுவும் இங்கிலீஷில்தான். மஹ்லகா அந்த மனிதரை விடாமல் துரத்தினாள். போன் மேல் போன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"சரிம்மா, இந்த ஒரு தடவை ஃபார்சியில வைக்கறேன். உங்க மாணவிகள் வரட்டும். ஒருத்தராவது தேறினா அடுத்த வருஷமும் ஃபார்சியில வைப்போம். ஒருத்தரும் தேறலைன்னா பழையபடிதான், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அன்றைக்கு அவள் வெல்வெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் கம்பியே வளைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் வந்தது வினை.

பரீட்சைக்குப் போகுமுன் ஒரு ஒத்திகை வைத்துப் பார்க்கலாம் என்று கேள்விகளை எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். விடைகள் வந்தன. கணினி முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே உறைந்துபோனாள். நான் தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். அது ஆறி ஏடு கட்டியது. அவள் தொடவில்லை.

"என்னடி ஆச்சு?"

"எல்லாரும் தப்பு அண்ணி. எல்லாரும் ஒரே மாதிரி தப்பு."

எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னதைச் சொல்கிறேன். கணினியிடம் ஒரு பெட்டியைக் காட்டி, இந்தச் சாமானை இதற்குள் வை என்று சொல்ல வேண்டுமாம். மூன்றாம் பாடத்தில், "முதலில் இருப்பது பெட்டி, அடுத்து இருப்பது உள்ளே போகிற சாமான்" என்று சொல்லியிருக்கிறாள். கணினியில் எழுதுவது இடமிருந்து வலம். நாம் பிறந்ததிலிருந்து படிப்பது வலமிருந்து இடம். கிராமத்துப் போன்களில் படம் மங்கல், குரல் மட்டும்தான் தெளிவு. குரலைக் கேட்டவர்கள் எல்லாம் வலது பக்கம் இருப்பதையே முதல் என்று எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிச் சாமானுக்குள் வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் கட்டிய பாடம் அத்தனையும் கோணல்.

தப்பு நடப்பது சகஜம். என் ரத்தம் கொதித்தது வேறு விஷயத்துக்கு. மூன்றாம் பாடம் வசந்தத்தில் அனுப்பியது. இப்போது இலையுதிர்காலம். இத்தனை மாதமாக ஒரு பெண்கூட வாயைத் திறந்து "இது ஒத்து வரலையே" என்று கேட்கவில்லை. போனில் மாணவிகளோடு வைத்திருக்கும் குழுவில் வந்த செய்திகளைக் காட்டினாள். பார்த்தால் கல்யாண வாழ்த்து மாதிரி இருக்கிறது! 'உங்க கை வலிக்காம இருக்கட்டும் டீச்சர்.' 'உங்க நிழல் எங்க மேல இருக்கட்டும்.' 'அருமை, அருமை.' கூடவே ரோஜாப்பூ படம்.

"நன்றி சொல்ல இத்தனை வார்த்தை தெரியுது, புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா இதுகளுக்கு? வாயைத் தைச்சா வச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"திட்டாதீங்க அண்ணி. அது மரியாதை."

"நல்ல மரியாதை! தானும் மூழ்கி, உன்னையும் முக்கிட்டு!"

அவள் அப்போதே குழுவில் கேட்டாள், மூன்றாம் பாடம் எல்லோருக்கும் புரிந்ததா என்று. நிமிஷத்தில் பதில்கள் கொட்டின. புரிந்தது டீச்சர், நன்றாகப் புரிந்தது டீச்சர். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"பாயந்தே சாருக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன் அண்ணி, பரீட்சை வேண்டாம்னு. எனக்குச் சொல்லித்தர வரலை. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "குல்பானு வீட்டுக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவகிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும்" என்றாள்.

குல்பானு தர்மியான் பக்கத்து கிராமத்துப் பெண். பீர்ஜந்தில் கல்லூரிக்கு வந்து, ஒரே பருவத்தில் இங்கிலீஷுக்குப் பயந்து ஓடிப்போனவள். மஹ்லகாவின் மாணவிகளில் புத்திசாலி அவள்தான். அவளும் அதே தப்பைத்தான் செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை என் ஓட்டைக் காரில் கிளம்பினோம். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மஹ்லகாவுக்கு மனசில்லை, அவளைப் பார்த்து எனக்கும் மனசில்லை. ஊருக்குள் நுழையும்போது கூரைக்குக் கூரை சிவப்பாக ஜெரெஷ்க் பழம் காய்ந்துகொண்டிருந்தது. குல்பானு வாசலுக்கு ஓடி வந்தாள். பழம் பறித்துப் பறித்து அவள் கைகளெல்லாம் முள் கீறல். அந்தக் கையை மார்பில் வைத்துக் குனிந்து, "என் கண் மேல கால் வச்சு வந்தீங்க டீச்சர்" என்றாள்.

உள்ளே அவள் அம்மா விரிப்பை விரித்துவிட்டார். வெங்காயமும் புதினாவும் நெய்யில் வறுபடும் வாசனை, கோரூத் என்கிற காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்த சூடான குழம்பு, ரொட்டி. என் வயிறு சத்தம் போட்டே கூப்பிட்டது.

"சாப்பிடும்மா மஹ்லகா."

"ஐயோ, வேண்டாம்மா. சாப்பிட்டுத்தான் வந்தோம்."

அடிப்பாவி! நான் அவளை முறைத்தேன்.

"அதெப்படி? கொஞ்சமாவது எடுத்துக்கோ கண்ணு."

"நிஜமா வயிறு நிறைஞ்சிருக்கும்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"என் மேல ஆணை. சாப்பிடாம எழுந்தா எனக்கு மனசு கஷ்டமாயிடும்."

"சரிம்மா, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று சொல்லி ரொட்டியைப் பிய்த்தாள். பிய்த்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நானும் பாய்ந்தேன்.

இரண்டு வாய் போயிருக்கும். மஹ்லகா குல்பானுவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மூணாவது பாடம் உனக்குப் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது டீச்சர். உங்க கை வலிக்காம இருக்கட்டும்."

"நிஜமாவா?"

"உங்க உயிர் மேல சத்தியமா டீச்சர், ரொம்ப நல்லாப் புரிஞ்சுது."

மஹ்லகாவின் கை பாதி வழியில் நின்றது. கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தாள், குல்பானுவின் அம்மாவைப் பார்த்தாள். பிறகு துண்டைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குல்பானு, நான் காலையிலேருந்து பட்டினி. உங்கம்மா கேட்டப்ப ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேன். ரெண்டும் பொய். மூணாவது தடவைதான் நிஜத்தைச் சொன்னேன். யாரும் என்னைப் பொய்க்காரின்னு நினைக்கல, அதுதான் முறை. நானும் உன்னை ரெண்டு தடவை கேட்டாச்சு. இப்ப மூணாவது தடவை கேக்கறேன். புரிஞ்சுதா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் முகத்தை முக்காட்டுக்குள் புதைத்துக்கொண்டு கேவ ஆரம்பித்தாள்.

"புரியல டீச்சர். அதுக்கப்புறம் ஒண்ணுமே புரியல. மத்தவங்களுக்கெல்லாம் புரிஞ்சிருக்கு, நான் மட்டும்தான் மக்குன்னு நினைச்சேன்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"எந்த முகத்தோட கேப்பேன்? காசு வாங்காம, தொண்டை கட்டின குரல்ல, துணிக்குள்ள உட்கார்ந்து எங்களுக்காகப் பேசறீங்க. புரியலைன்னு சொன்னா, நீங்க சரியாச் சொல்லித்தரலைன்னு உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அவள் அம்மா கன்னத்தில் அடித்துக்கொண்டார். "வாயை மூடுடி! வீட்டுக்கு வந்த டீச்சர்கிட்ட இப்படியா பேசுவே?"

"பேசட்டும்மா. இதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள் மஹ்லகா. அவள் கண்ணிலும் தண்ணீர். ஆனால் முகம் தெளிந்திருந்தது. பாயந்தேவுக்குப் போன் செய்யும் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவே இல்லை. அன்று சாயங்காலம் வரை குல்பானுவும் அவளும் விரிப்பிலேயே உட்கார்ந்து, உப்புக் கிண்ணத்தையும் சர்க்கரைக் கட்டியையும் இடமும் வலமும் மாற்றி மாற்றி வைத்துப் படித்தார்கள். நானும் குல்பானுவின் அம்மாவும் கூரைமேல் பழத்தைக் கிளறிக்கொடுத்தோம்.

ஊர் திரும்பியதும் மூன்றாம் பாடத்தைப் புதிதாகப் பேசிப் பதிவு செய்தாள். கடைசியில் சொன்னது எனக்கு மனப்பாடம், அத்தனை தடவை திருத்திப் பேசினாள்: "புரிஞ்சுதான்னு கேப்பேன். முதல் தடவை புரிஞ்சுதுன்னு சொல்லுங்க, அது எனக்கு மரியாதை. ரெண்டாவது தடவையும் சொல்லுங்க, அது உங்களை வளர்த்தவங்களுக்கு மரியாதை. மூணாவது தடவை நிஜத்தைச் சொல்லுங்க. அது பாடத்துக்கு மரியாதை. மூணாவது தடவையும் உபசாரம் பேசறவங்க என்னைப் பட்டினியா திருப்பி அனுப்பறவங்க."

பெண்கள் எல்லாம் அந்த முறையை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். குரல் செய்தி வரும்: "புரிஞ்சுது டீச்சர்." அடுத்தது: "நல்லாப் புரிஞ்சுது டீச்சர்." மூன்றாவது வரும்போது குரலே மாறிவிடும். "டீச்சர், அடியிலேருந்து ஒரு எழவும் புரியல!" நானும் அவளும் வெல்வெட்டுக்குள் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடித்துவிட்டு அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் பேசுவாள். குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று.

பரீட்சைக்கு மஷ்ஹதுக்கு நேரில் போக வேண்டும். குல்பானுவின் அம்மா பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "தர்காவுல இமாமைத் தரிசனம் பண்ண உங்களுக்கும் ஆசைதானேம்மா?" என்று மஹ்லகா கேட்டதும் அந்த அம்மாவே முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மற்ற பெண்கள் யாருக்கும் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. மொத்தத்துக்கும் குல்பானு ஒருத்திதான். அவள் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி இங்கிலீஷ்.

பரீட்சை நாளன்று மஹ்லகா ஆஸ்பத்திரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே கடைக்கு வந்துவிட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு மீட்டர் கோலைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம், மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒரு அம்மாளுக்கு நான் விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அந்த அம்மாளிடம், "கொஞ்சம் வாயை மூடிக்கோங்க தாயி" என்று நேராகவே சொல்லிவிட்டேன். மஹ்லகா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், நான் குல்பானு."

"சொல்லும்மா! பரீட்சை எப்படி?"

"நல்லா இருந்துச்சு டீச்சர். உங்க கை வலிக்காம இருக்கட்டும்."

மஹ்லகாவின் முகம் செத்துப்போனது. இந்தக் கை வலிக்காத பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குத் தெரியாதா?

"நிஜமாவா குல்பானு?"

"எல்லாம் உங்க தயவு டீச்சர்."

மஹ்லகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மூணாவது தடவை கேக்கறேன்."

அந்தப் பக்கம் குல்பானு குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், திட்டக் கூடாது. ஒரு தப்பு பண்ணிட்டேன். அத்தனை பேர் நடுவுல எழுந்து நின்னு, எனக்குப் புரியலைன்னு சொல்லிட்டேன்."

"என்ன புரியல?"

"ரொட்டிக் கடை வரிசையில நிக்கறவங்களுக்கு, அவங்கவங்க கேட்டபடி ரொட்டி கொடுக்க நிரல் எழுதுன்னு கேள்வி. எல்லாருக்கும் புரிஞ்சுதான்னு பாயந்தே சார் கேட்டார். எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க. நானும் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடியும் சொன்னேன். அவர் போகத் திரும்பிட்டார். மூணாவது தடவை அவர் கேக்கவே இல்லை டீச்சர். எனக்குப் பொறுக்கல. நானே எழுந்து, எனக்குப் புரியல சார், நடுவுல ரொட்டி தீர்ந்துபோனா வரிசையில நிக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டுட்டேன். எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தாங்க. அவமானமா இருந்துச்சு."

போன் கை மாறும் சத்தம். பாயந்தேவின் குரல்.

"மஹ்லகா கானும், அந்தக் கேள்வியில வேணும்னேதான் அதை விட்டிருந்தோம். வேலைக்கு வர்ற பசங்க எல்லாம் புரிஞ்சுதுன்னு தலையாட்டிட்டுப் போய் வேற எதையோ செஞ்சு எடுத்துட்டு வர்றாங்க. கேக்கற ஆள் இன்னிக்குத்தான் கிடைச்சுது. நிரலும் ஒழுங்கா எழுதியிருக்கு. உங்க பொண்ணை எடுத்துக்கறோம்."

மஹ்லகா துணிச் சுருள் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த வருஷப் பரீட்சை சார்?"

"ஃபார்சியிலதான். என் கண் மேல வச்சுச் செய்யறேன்."

என் கடைக் கதவைச் சரி செய்வதாகச் சொன்ன தச்சனும் கண் மேல் வைத்துத்தான் சொன்னான். கதவு இன்னும் இடிக்கிறது. நான் மஹ்லகாவுக்கு ஜாடை காட்டினேன். அவளுக்கு என் ஜாடை தேவைப்படவில்லை.

"நிஜமா ஃபார்சியிலயா சார்?"

"அட, உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

"மூணாவது தடவை கேக்கறேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. குல்பானு அவரிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு பேசிய குரலில் சர்க்கரை இல்லை.

"என் கூட்டாளிக்கு இதுல இஷ்டமில்லை கானும். வேலையில எல்லாம் இங்கிலீஷ் வருமே, பரீட்சை மட்டும் எதுக்கு ஃபார்சியிலன்னு கேக்கறார். அவரோட சண்டை போட வேண்டியிருக்கும். போடறேன். பரீட்சை ஃபார்சியில நடக்கும். நீங்க தொடர்ந்து ஆள் அனுப்பணும்."

"அனுப்பறேன் சார்" என்றாள் மஹ்லகா. போனை வைத்துவிட்டு, வெல்வெட்டை இழுத்து முகத்தில் போர்த்திக்கொண்டு ஓவென்று அழுதாள். தெஹ்ரானிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய நாளில் அழாத அழுகை அது. நானும் அழுதேன். துணி எடுக்க வந்த அம்மாளும் விஷயமே தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்தபின் அவள் தோளைத் தொட்டு, "ஏதாவது சாப்பிடறியாடி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணி."

"ரொட்டி சூடா இருக்கு. சாப்பிடறியா?"

"பசியே இல்லை அண்ணி, நிஜமா."

நான் இடுப்பில் கை வைத்து நின்று மூன்றாவது தடவை கேட்டேன். அவள் வெல்வெட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"காலையிலேருந்து பட்டினி அண்ணி. சீக்கிரம் கொண்டாங்க."